பேர்போனவர்கள்



தமிழிலே ‘பேர்போனவர்’ என்று ஒரு தொடர் உண்டு. புகழ் பெற்றவர் என்பது பொருள். பேர் நாலு திசைக்கும் போய்விட்டது என்பதனால் அப்படிச் சொன்னார்கள். சொல்லுக்குச் சொல் பிரித்துப் பார்த்தால், பேரை இழந்தவர் என்று கொள்ளவும் அதிலே இடமிருக்கிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர்கள் இந்த இரண்டாவது பொருளிலே பேர்போனவர்கள். ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டு இந்தியாவிலும் இலங்கையிலும் இறக்கப்பட்ட மக்கள். அவர்களுடைய குடும்பப் பெயர்கள் என்னவாயின, அவர்களுடைய சந்ததியார் இன்று எங்கெங்கே என்ன பெயரோடு வாழ்கிறார்கள் என்பதுதான் விடயம்.

வாழைச்சேனையில் இருந்துகொண்டு ஒரு தமிழாசிரியர் ஆபிரிக்கரின் குடும்பப் பெயரைப் பற்றிப் பேசுவானேன் என்று நேயர்கள் நினைக்கலாம். பெயர் விடயத்திலே எங்கள் பகுதி கொஞ்சம் கூர்மையானது. பாலத்துக்கு இந்தப் பக்கம் வாழைச்சேனை, அந்தப் பக்கம் ஓட்டமாவடி. இரண்டு பக்கமும் பேசுவது ஒரே தமிழ். ஒருவர் எந்தப் பக்கத்தவர் என்பதைப் பேச்சை விடப் பெயரே முந்திக்கொண்டு சொல்லிவிடும். 2009இல் முடிந்த யுத்தத்தின் காலத்திலே அடையாள அட்டையை நீட்டினால் முதலில் வாசிக்கப்படுவது பெயர்தான். அதை வாசிக்கும் முகத்தை நாங்கள் வாசித்துக்கொண்டு நிற்போம். பெயர் ஒரு மனிதனுக்கு என்ன செய்யும் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவேண்டிய தேவை எங்களுக்கு இருக்கவில்லை.

ஆனாலும் ஐரோப்பியர் சொல்லும் பொருளிலே குடும்பப் பெயர் எங்களிடம் இல்லை. பாடசாலை இடாப்பிலே தந்தையின் பெயருக்கு முதலெழுத்து, அதன் பின் பிள்ளையின் பெயர். அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது எங்கள் மட்டக்களப்பிலே ‘குடி’. உலகிப்போடி குடி, பணிக்கனார் குடி, படையாண்ட குடி, கலிங்க குடி என்று வரும் இந்தக் குடிகள் தாய்வழியிலே இறங்குபவை. தாய் எந்தக் குடியோ பிள்ளை அந்தக் குடி. ஒரே குடிக்குள்ளே கலியாணம் இல்லை. தமிழரிடம் மட்டுமன்றி முஸ்லிம்களிடமும் இதே வழக்கம் இருப்பது கிழக்கிலங்கையின் தனிச்சிறப்பு. கடதாசியில் எங்கும் எழுதாத பெயர் இது. கோயிலிலும் பள்ளிவாசலிலும் கலியாணப் பேச்சிலும் மட்டும் கேட்கப்படுவது. இதை ஏன் சொல்கிறேன் என்பது சற்றுப் பின்னர் விளங்கும்.

எங்கள் கல்லூரியிலே சுருட்டை முடியுள்ள ஒரு மாணவனை மற்றப் பிள்ளைகள் ‘காப்பிரி’ என்று கூப்பிடுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் வகுப்பிலே கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம், அறபு ஓதப் போகும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் பாதி விடை கிடைத்திருக்கும். ‘காபிர்’ என்பது நம்பிக்கை கொள்ளாதவரைக் குறிக்கும் அறபுச் சொல். கிழக்காபிரிக்கக் கரைக்கு வணிகத்துக்குச் சென்ற அறபிகள், இஸ்லாத்தைத் தழுவாத உள்நாட்டு மக்களை அச்சொல்லாற் குறித்தார்கள். பின்னாலே வந்த போர்த்துக்கேயர் அதையே ‘காவ்ரே’ என்று ஓர் இனத்தின் பெயராக்கினார்கள். அவர்கள் வாயிலிருந்து நமக்கு வந்தது ‘காப்பிரி’. இதிலே ஒரு வேடிக்கை. இலங்கையிலே அந்தப் பெயரைச் சுமந்தவர்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு நம்பிக்கையற்றவர் என்று பெயர்!

தென்னாபிரிக்காவில் இன்று இச்சொல் வாயில் வரக்கூடாத வசை. 2018ஆம் ஆண்டிலே, கறுப்பினப் பொலிஸ்காரரை இச்சொல்லாலே திரும்பத் திரும்ப ஏசிய ஒரு பெண்ணுக்கு அங்குள்ள நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. இலங்கையிலோ அம்மக்கள் தாமே தம்மை அப்பெயரால் அழைத்துக்கொள்கிறார்கள். வேறு பெயர் அவர்களுக்கு மிஞ்சவில்லை என்பதே காரணம்.

அவர்கள் வந்த கதை நீண்டது. 1344இல் கொழும்பைக் கண்ட இப்னு பதூதா, அங்கே கடலாட்சி செய்த ஒருவனிடம் ஏறத்தாழ ஐந்நூறு அபிசீனியர் இருந்ததாகக் குறித்திருக்கிறார். போர்த்துக்கேயர் மொசாம்பிக்கிலிருந்து கொண்டுவந்தார்கள். ஒல்லாந்தர் கோட்டை கட்டவும் சுமை தூக்கவும் அடிமைகளை வைத்திருந்தார்கள். அவர்களை இராக் காலத்தில் அடைத்துவைத்த இடமே கொழும்பிலே ‘அடிமைத் தீவு’ என்று ஆங்கிலத்தில் வழங்கிய பகுதி. நாம் கொம்பனித்தெரு என்போம். அந்த ஆங்கிலப் பெயரை விட்டு ‘கொம்பஞ்ஞ வீதிய’ என்றே வழங்கவேண்டும் என்று 2022இல் அரசு அறிவித்தது. பிரித்தானியர் ஆபிரிக்கரைக் கொண்டு படைப்பிரிவு அமைத்தார்கள். 1803 கண்டிப் போரிலே காப்பிரிப் படையினரும் இருந்தார்கள். 1844இல் இந்நாட்டில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. படைப்பிரிவும் பின்னர் கலைக்கப்பட்டது. அதிலிருந்தவர்களிற் பலர் புத்தளத்தில் நிலைகொண்டார்கள்.

இப்போது பெயருக்கு வருவோம். மொசாம்பிக்கின் வடபகுதியிலே மக்குவா என்றொரு பெரிய இனம். அக்கரையிலிருந்து அடிமைக் கப்பல் ஏறியவர்களிலே இவ்வினத்தவர் ஏராளம். இவர்களிடம் ‘நிஹிமோ’ என்றொரு குலப்பெயர் உண்டு. அது தாய்வழியிலே இறங்குவது. ஒரே நிஹிமோவுக்குள் கலியாணம் செய்வதில்லை. நேயர்களே, இது நம்முடைய குடி அல்லவா? இந்து சமுத்திரத்தின் அக்கரையிலே ஒரு மக்கள், இக்கரையிலே மட்டக்களப்பு மக்கள். இரு சாராரும் தாயின் வயிற்றைக் கொண்டே வம்சத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றதல்ல. தனித்தனியே வந்த வழக்கம்தான். எனக்கு மனம் நின்றுபோனது இந்த இடத்திலே.

அப்படிப்பட்ட ஒரு மக்குவா இளைஞன் இலங்கையிலே படைவீரனாக இறங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞானஸ்நானத்திலே அவனுக்குப் போர்த்துக்கேயப் பெயர் கிடைக்கும். அவன் இங்கே ஒரு சிங்களப் பெண்ணையோ தமிழ்ப் பெண்ணையோ பறங்கிப் பெண்ணையோ மணம் செய்கிறான். அவனுடைய நிஹிமோ பிள்ளைகளுக்குப் போகாது, ஏனெனில் அதைக் கொடுக்கவேண்டியவள் தாய். யாரும் பறிக்காமலே அந்தப் பெயர் அவனோடு முடிந்துபோகிறது. அடிமை வணிகம் பெயர்களைப் பறித்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது மெய்தான். ஆனால் பெண்ணை விட்டு ஆணை மட்டும் கப்பலேற்றினால், தாய்வழி மக்களுக்கு அதுவே போதும்.

வந்துசேர்ந்த போர்த்துக்கேயப் பெயர்களும் அவர்களை அடையாளங் காட்ட உதவுவதில்லை. சில்வா என்றால் காடு, பெரேரா என்றால் பேரி மரம். இந்நாட்டிலே சிங்களவரும் தமிழரும் பறங்கியரும் இவ்வகைப் பெயர்களை வைத்திருக்கிறார்கள். உதைபந்தாட்ட வீரர் யூசேபியோவை நேயர்கள் அறிவார்கள். 1942இல் மொசாம்பிக்கிலே பிறந்தவர். முழுப்பெயர் யூசேபியோ த சில்வா ஃபெரெய்ரா. மொறட்டுவையிலும் ஒரு சில்வா, மொசாம்பிக்கிலும் ஒரு சில்வா. உறவு ஒன்றுமில்லை, ஒரே எசமானின் கையெழுத்து என்பதைத் தவிர.

இதே கடலிலே எதிர்த்திசையிற் போன நம்மவரின் கதை வேறு. 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் டேர்பன் துறைமுகத்தை அடைந்தது. ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் எல்லாம் இடாப்பிலே எழுதப்பட்டன. கொடுமைக்குக் குறைவில்லை. ஆனால் எழுதினார்கள். அதன் விளைவு, குடும்பப் பெயரே இல்லாமற் கப்பலேறிய தமிழனுக்கு ஆபிரிக்காவிலே குடும்பப் பெயர் கிடைத்தது. கவுண்டர் ‘கவுண்டர்’ ஆகவே நிற்காமல் ‘கொவெண்டர்’ ஆனார். முதலி ‘மூட்லி’ ஆனார். பிள்ளையும் செட்டியும் படையாச்சியும் அப்படியே குடும்பப் பெயர்களாயின. சாதிப் பட்டங்கள்தான், மறுப்பதற்கில்லை. இருந்தும் அவற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவன் இன்று தன் ஊரைத் தேடி வரலாம். பெயரில்லாமற் போன தமிழன் அங்கே பெயர் பெற்றான். குலப்பெயரோடு வந்த ஆபிரிக்கன் இங்கே அதை இழந்தான்.

இந்தியாவுக்குப் போனவர்கள் நிலை வேறொரு விதம். அங்கே அவர்களுக்கு ‘ஹப்ஷி’, ‘சித்தி’ என்று இரு பெயர்கள். முன்னையது அபிசீனியாவின் அறபுப் பெயரான ஹபஷ் என்பதிலிருந்து வந்தது. பின்னையது, என் தலைவன் எனப் பொருள்படும் அறபுச் சொல்லின் திரிபு என்பர். (நாம் சின்னம்மா என்பவரைத் தமிழ்நாட்டார் சித்தி என்பார்கள். இது அந்தச் சித்தி அன்று.) அடிமைக்கு வாசனைப் பொருள், மணி ஆகியவற்றின் பெயரை இடுவது அக்கால வழக்கம். எத்தியோப்பியாவிலே சாப்பு என்ற சிறுவனாகப் பிறந்து, பலமுறை விற்கப்பட்டு, பாக்தாதில் ‘அம்பர்’ என்று பெயரிடப்பட்டவன்தான், பின்னர் முகலாயரை எதிர்த்து நின்ற அகமத்நகரின் மாலிக் அம்பர். 1626இல் இறந்தான். அவன் அமைத்த கட்கி என்ற நகரம் பின்னாளில் அவுரங்காபாத் ஆகி, 2023இல் சத்ரபதி சம்பாஜி நகர் ஆகியிருக்கிறது. மனிதனுக்குத்தான் பெயர் நிலையில்லை என்றால் அவன் கட்டிய ஊருக்கும் அப்படியே.

இன்று கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டக் காடுகளிலே எல்லாப்பூர், ஹளியாள் பக்கங்களிலே வாழும் ஆபிரிக்க வம்சத்தவர் ‘சித்தி’ என்பதையே தம் குடும்பப் பெயராக எழுதுகிறார்கள். இந்துவுக்கும் அதே பெயர், முஸ்லிமுக்கும் அதே பெயர், கிறிஸ்தவருக்கும் அதே பெயர். எங்கள் ஊரிலே நினைத்தும் பார்க்க முடியாத காரியம். 2003இல் அவர்கள் அட்டவணைப் பழங்குடியினராக ஏற்கப்பட்டபோது அந்தப் பெயருக்கு ஒரு பயனும் வந்தது. 2020இல் சாந்தாராம் சித்தி கர்நாடக மேலவைக்கு நியமிக்கப்பட்டார். குஜராத்தில் கிர் காட்டோரம் ஜம்பூரிலும், ஹைதராபாத்தில் நிசாமின் ஆபிரிக்கக் குதிரைப்படையினர் குடியிருந்த பகுதியிலும் இவ்வினத்தவர் உண்டு. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலே ‘ஷீதி’ என்பார்கள். அங்கே பலர் இன்னும் ஒரு படி மேலே போய், தமக்கொரு முன்னோனைத் தாமே தெரிந்தெடுத்துக்கொண்டார்கள். ஹஸ்ரத் அலி அவர்களால் விடுவிக்கப்பட்ட கம்பர் என்பவரின் பெயரால் ‘கம்பராணி’ என்று குடும்பப் பெயர். 2018இல் தன்சீலா கம்பராணி சிந்து மாகாண சபையில் அமர்ந்தார். இழந்த பெயரைத் தேடிக்கொண்டிராமல் மதிப்புள்ள ஒன்றை எடுத்து அணிந்துகொண்டார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

அமெரிக்காவிலே மல்கம் லிற்றில் என்பவர் வேறு வழி கண்டார். எசமானின் குடும்பப் பெயரை நீக்கிவிட்டு, தெரியாமற்போன ஆபிரிக்கப் பெயரின் இடத்திலே ‘எக்ஸ்’ என்ற எழுத்தைப் போட்டுக்கொண்டார். 1976இல் அலெக்ஸ் ஹேலி எழுதிய, தமிழில் ‘ஏழு தலைமுறைகள்’ என்று வந்த நூலை வாசித்தவர்கள் குண்டா கின்டேயை மறந்திருக்கமாட்டார்கள். அவனை டோபி என்று அழைப்பார்கள். அவன் ஏற்கமாட்டான்.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். மட்டக்களப்பிலும் திருகோணமலைப் பாலையூற்றிலும் வாழும் பறங்கியர் கலியாண வீடுகளிலே ஆடும் ‘கப்ரிஞ்ஞா’வில் காப்பிரியின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘இஞ்ஞா’ என்பது போர்த்துக்கேயத்திலே சிறுமையைச் செல்லமாகச் சொல்லும் விகுதி. ஆட்டத்திலே பெயர் நின்றது. குடிசன மதிப்பீட்டிலே நிற்கவில்லை. 2012 மதிப்பீட்டின் இன அட்டவணையில் இலங்கைச் செட்டி, பரதர் என்றெல்லாம் நிரல்கள் உண்டு. காப்பிரிக்கு நிரல் இல்லை. ‘ஏனையோர்’ என்பதற்குள் அடக்கம். பிள்ளையின் இனமாகக் கொள்ளப்பட்டு வந்தது தந்தையின் இனம். காப்பிரிப் பெண் ஒருத்தி சிங்களவரை மணந்தால் பிள்ளைக்குக் காப்பிரி என்ற இனப்பெயரும் இல்லை. வந்த ஆணின் குலப்பெயர் தாய்வழி என்பதால் முதலிலே அற்றது. எஞ்சிய இனப்பெயர் தந்தைவழி என்பதால் இப்போது அறுகிறது.

புத்தளத்துக்கு அருகே சிறாம்பியடியிலே சில குடும்பங்கள் இன்னும் ‘மஞ்சா’ என்ற பாட்டை வைத்திருக்கின்றன. சிரட்டையும் போத்தலும் கரண்டியுமே தாளம். மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும். சிறு சிறு அடிகள், திரும்பத் திரும்ப வரும். பாட்டின் மொழி போர்த்துக்கேயக் கலப்பு மொழி. வீட்டிலே இன்று பேசுவது சிங்களமும் தமிழும். ஆகவே இளையவர்கள் சொல்லின் பொருளைக் கேட்பதில்லை. மூத்தவர்களின் வாயைப் பார்த்து ஒலியைப் பிடித்துக்கொள்கிறார்கள்.