விலைச்சீட்டும் வாக்குச்சீட்டும்

(தமிழுணர்வாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



குடியாட்சி நாட்டில் வாழும் ஒவ்வொருவர் கைக்கும் இரண்டு சீட்டுகள் வருகின்றன. ஒன்று, கடையிற் காணும் விலைச்சீட்டு; மற்றொன்று, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடும் வாக்குச்சீட்டு. முன்னது வயிற்றைப் பற்றியது. பின்னது உரிமையைப் பற்றியது. இவ்விரண்டிற்கும் தொடர்பே இல்லையென்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் எத்துணைப் பிழைபட்டது என்பதை இற்றை அமெரிக்க நாடு ஞாலத்தார் அனைவர்க்கும் விளங்கக் காட்டி நிற்கின்றது.

2025-ஆம் ஆண்டு ஏப்பிரல் 29-ஆம் பக்கல் ஒரு செய்தி வெளிவந்தது. அமேசான் என்னும் மாபெரும் வணிக நிறுவனம், தான் விற்கும் பொருளின் விலைக்கு அருகிலேயே, இறக்குமதி வரியால் ஏறிய பங்கு இவ்வளவு என்பதையும் காட்டப்போகின்றது என்பதே அச்செய்தி. அத்திங்களின் தொடக்கத்திலேதான் குடியரசுத் தலைவர் திரம்பு, ஏறத்தாழ எல்லா நாட்டுப் பொருள்கள் மீதும் புதுவரி அறிவித்திருந்தார். சீனப் பொருள்கள் மீதான வரி 145 விழுக்காடு வரை ஏறியிருந்தது. செய்தி வெளிவந்த அன்றே, வெள்ளை மாளிகையின் சார்பில் பேசியவர், அதனைப் பகைமைச் செயல் என்றும் அரசியற் செயல் என்றும் கடிந்துரைத்தார். அமேசானைத் தோற்றுவித்த பெசோசுடன் குடியரசுத் தலைவரே தொலைபேசியிற் பேசினார். அமேசான் பின்வாங்கியது. மலிவுப் பொருட் பிரிவொன்றில் மட்டும் அவ்வாறு எண்ணிப் பார்க்கப்பட்டது என்றும், அதற்கு ஒப்புதல் தரப்படவே இல்லை என்றும், அது நடைபெறப் போவதில்லை என்றும் அறிவித்தது.

அடுத்த திங்களில் மற்றொன்று நிகழ்ந்தது. புதுவரியின் சுமையால் சில பொருள்களின் விலையை ஏற்ற வேண்டியிருக்கும் என்று வால்மார்ட்டு நிறுவனம் கூறியது. உடனே குடியரசுத் தலைவர், அவ்வரியை அந்நிறுவனமே விழுங்கிக்கொள்ளட்டும், வாங்குவோரிடம் தண்டலாகாது என்று வெளிப்படையாக எழுதினார்; தாம் கண்காணித்துக் கொண்டிருப்பதாகவும் எச்சரித்தார்.

ஈண்டு ஒன்றை உணர்தல் வேண்டும். இறக்குமதி வரியைச் சுங்கத்துறையிற் கட்டுவோர் அயல்நாட்டார் அல்லர். பொருளை வரவழைக்கும் அமெரிக்க வணிகரே. அவ்வணிகர் அதனைத் தாம் தாங்கலாம். அல்லது விற்றவனிடம் விலைகுறைத்துக் கேட்கலாம். அல்லது வாங்குவோன் தலையில் ஏற்றலாம். யார் பையிலிருந்து எவ்வளவு போகின்றது என்பதை எழுதிக் காட்டுவது வெறும் கணக்கு. அக்கணக்கைக் கண்டு ஒரு வல்லரசு சினந்தது ஏன்? ஞாலப் பெருஞ்செல்வர் ஒருவர் தோற்றுவித்த நிறுவனம் ஒரு பகற்பொழுதிற்குள் பணிந்தது ஏன்? விடை காண வேண்டின், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

1930-ஆம் ஆண்டளவில், 'ஏ அண்டு பி' என்று மக்கள் சுருக்கி அழைத்த தேயிலைக் குழுமம், அமெரிக்கா முழுதும் 15,000-க்கும் மேற்பட்ட மளிகைக் கடைகளை நடத்தி வந்தது. மொத்தமாக வாங்கியும், பலவற்றைத் தானே உருவாக்கியும், இடைத்தரகரை நீக்கியும் அது விலையைக் குறைத்தது. எளியவர்க்கு அது நன்மையே என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும், சிற்றூர்களில் தனிக்கடை வைத்து வாழ்ந்தோர் அதனோடு போட்டியிட இயலாது நலிந்தனர். ஊர்க் கடைக்காரர் ஊரிலேயே வாழ்பவர். ஊர்ப் பள்ளிக்கும் திருக்கோவிலுக்கும் பொருள் தருபவர். ஊரவையில் அஞ்சாது பேசுபவர். அவர் மறைந்தபின் அவ்விடத்தில் நின்றவர், தொலைவிலுள்ள முதலாளிக்குக் கணக்கு எழுதும் கூலிக்காரர். கடையோடு ஊரின் குரலும் போயிற்று.

இதனை அற்றை அமெரிக்கச் சான்றோர் சிலர் உணர்ந்தனர். தொடர்கடைகள் மீது புளோரிடா நாட்டகம் விதித்த வரியைப் பற்றிய வழக்கு 1933-இல் உச்சநயமன்றத்தின் முன் வந்தபோது, பெரும்பான்மை நடுவர் அவ்வரியின் ஒரு கூற்றைச் செல்லாதென்றனர். பிராண்டைசு என்னும் நடுவர் விரிவானதொரு மறுப்புரை எழுதினார். பெருநிறுவனங்களிற் செல்வம் குவிவது தனிமனிதர் முயற்சியையும் குடியாட்சியையுமே கெடுக்கும் என்பது அவர் கருத்து. 1936-இல், தெக்சாசு நாட்டகத்துப் பேராளர் பாட்மன் முன்னின்று முயல, இராபின்சன்–பாட்மன் சட்டம் நிறைவேறியது. பொருள் உருவாக்குவோர், பெரிய கடைக்கு ஒரு விலையும் சிறிய கடைக்கு வேறொரு விலையுமாக, போட்டி கெடும்படி விற்றலாகாது என்பது அதன் சாரம். ஆக, அன்று கடை என்பது விலையைப் பற்றிய செய்தியாக மட்டும் இருந்ததில்லை. தன்னாட்சியைப் பற்றிய செய்தியாகவும் இருந்தது.

பின்னர் வந்தவர் சாம் வால்ட்டன். 1962-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அர்க்கன்சாசு நாட்டகத்து இராசர்சு என்னும் சிறுநகரில் முதல் வால்மார்ட்டுக் கடையைத் திறந்தார். பெருங்கடைகள் நாடாத சிறுநகர்களை அவர் நாடினார். நடுவில் ஒரு கிடங்கு, அதனைச் சுற்றி ஒருநாட் செலவுக்குள் கடைகள், சொந்தச் சரக்குந்துகள், எங்கு எது விற்றது என்பதை உடனுக்குடன் அறிய 1980-களிலேயே வான்கோள்வழிச் செய்தித்தொடர்பு. இத்துணையும் அவர்தம் அறிவாற்றலின் பயன், அதனைப் போற்றலாம். 2025 சனவரியில் முடிந்த கணக்காண்டில் அந்நிறுவனத்தின் வருவாய் 68,000 கோடி டாலரைத் தாண்டியது. ஞாலம் முழுதும் அதன் பணியாளர் ஏறத்தாழ 21 இலக்கம் பேர். 1994-இல் தோன்றிய அமேசானோ, 2024-ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டு வருவாயில் வால்மார்ட்டையும் விஞ்சியது.

இவ்வளர்ச்சிக்கு அறிவாற்றல் மட்டுமே கரணியமாகாது. அளவுகோல் மாறியதும் ஒரு கரணியம். 1978-இல் இராபர்ட்டு போர்க்கு என்னும் சட்டப் பேராசிரியர் ஒரு நூல் எழுதினார். நுகர்வோர் நலன் ஒன்றே முற்றுரிமைத் தடைச் சட்டங்களின் நோக்கமாதல் வேண்டும் என்றார். 1980-களில் இரேகன் ஆட்சியும் நயமன்றங்களும் அக்கருத்தின் வழியே நடந்தன. நுகர்வோர் நலன் என்பது நடைமுறையில் விலைக்குறைவு என்றே சுருங்கிற்று. விலை குறைவாயின், கடை எவ்வளவு பெருத்தாலும் குற்றமில்லை என்றாயிற்று. பாட்மன் சட்டம் சட்டநூலில் இருந்தது; ஆனால் உறங்கிற்று. குடிமகன் வெறும் வாங்குவோன் ஆக்கப்பட்டான்.

குறைந்த விலை உண்மையிலேயே குறைந்ததுதானா? அமெரிக்கக் கூட்டரசின் தாழ்ந்த அளவுக் கூலி, 2009 சூலையில் ஒரு மணிக்கு 7 டாலர் 25 காசு என வரையறுக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டிலும் அதே நிலையில்தான் இருந்தது. 2020-இல் பேராயத்தின் கணக்காய்வு அலுவலகம் சில நாட்டகங்களை ஆராய்ந்தது. வேலைபார்த்தும் அரசின் உணவு உதவியும் மருத்துவ உதவியும் பெறுவோரை மிகுதியாக வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களின் முன்வரிசையில் வால்மார்ட்டு இருந்தது. உணவு உதவித்தொகை மிகுதியாகச் செலவாகும் கடையும் அதுவே. அமேசானோ, 2018-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 1,100 கோடி டாலர்க்கு மேல் வணிக ஊதியம் கண்டும், கூட்டரசு வருமான வரியாக ஒரு காசும் கட்டவில்லை. சட்டம் தந்த விலக்குகளாலேயே அது நேர்ந்தது. அச்சட்டத்தை யாத்தவர் யார் என்பதே வினா. கடையிற் குறைந்த விலையின் ஒரு பகுதியை, மக்கள் வரியாகவும் குறைகூலியாகவும் வேறு வாயிலிற் கட்டிக்கொண்டிருந்தனர். அது எந்த விலைச்சீட்டிலும் எழுதப்படவில்லை.

இவ்வாறு குவிந்த செல்வம் எங்கே சென்றது? சாம் வால்ட்டன் 1992-இல் மறைந்தார். அவர்தம் வழியினரின் செல்வம் 2024-இல் 40,000 கோடி டாலரைத் தாண்டிற்று. அமெரிக்கக் கூட்டரசு வைப்பகத்தின் கணக்குப்படி, மேலடுக்கிலுள்ள நூற்றுக்கொரு வீட்டார் நாட்டுச் செல்வத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை உடையர். கீழ்ப்பாதி மக்கள் அனைவரும் சேர்ந்து உடையது ஏறத்தாழ இரண்டரை விழுக்காடே.

குவிந்த செல்வம் கடைக்குள் அடங்கி இராது, அவைக்குள் நுழையும். 2010-இல் உச்சநயமன்றம், தேர்தலிற் கட்சியையும் வேட்பாளரையும் சாராது தனித்து நிறுவனங்கள் செய்யும் செலவுக்கு வரம்பு கட்டலாகாது என்று தீர்ப்பளித்தது. 2013-இல் பெசோசு வாசிங்டன் போசுட்டு என்னும் செய்தித்தாளை 25 கோடி டாலர்க்கு வாங்கினார். 2024 தேர்தலில் இலான் மசுக்கு என்னும் ஒரே செல்வர் 25 கோடி டாலர்க்கு மேல் செலவிட்டார். அதே தேர்தலில், வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்னர், வேட்பாளர் எவரையும் பரிந்துரைப்பதில்லை என்று வாசிங்டன் போசுட்டு அறிவித்தது. சினந்த வாசகர் இரண்டு இலக்கத்திற்கும் மேற்பட்டோர் கட்டணத்தை நிறுத்தினர். 2025 சனவரி 20-இல் திரம்பு பதவியேற்றபோது, பெசோசும் மசுக்கும் பிற பெருஞ்செல்வரும் மேடையிலேயே அமர்ந்திருந்தனர். அவ்விழாவிற்கு அமேசான் கொடுத்த நன்கொடை 10 இலக்கம் டாலர்.

உறங்கிய சட்டம் ஒருமுறை கண்விழித்ததையும் இங்குக் கூறல் வேண்டும். 2025 சனவரியில், பைடன் ஆட்சியின் இறுதி நாள்களில், கூட்டரசு வணிக ஆணையம் பெப்சிக்கோ நிறுவனத்தின்மீது பாட்மன் சட்டப்படி வழக்குத் தொடுத்தது. ஒரு பெருங்கடைக்கு மட்டும் அந்நிறுவனம் சலுகை தந்து பிற கடைகளுக்குத் தரவில்லை என்பது குற்றச்சாட்டு. அக்கடை வால்மார்ட்டே என்று செய்தித்தாள்கள் எழுதின. ஆட்சி மாறியது, மே திங்களில் ஆணையமே அவ்வழக்கைக் கைவிட்டது. சட்டம் மீண்டும் படுத்துக்கொண்டது.

இனி, முதல் வினாவிற்கு வருதல் கூடும். வலிய செல்வர் ஏன் பணிந்தார்? ஆட்சியாளரின் நல்லெண்ணத்தால் ஆகவேண்டியவை அவர்க்கு மிகப் பல. அமேசானின் கணிப்பொறிப் பிரிவு அரசுத்துறைகளோடு பெரும் ஒப்பந்தங்கள் செய்வது. பெசோசின் விண்கல நிறுவனமோ அரசுப் பணிகளை எதிர்நோக்கி நிற்பது. ஆட்சியோடு நெருங்கிய செல்வம் ஆட்சிக்கு அடங்கியும் ஆகல் வேண்டும். அச்சினம் எழுந்தது ஏன்? வரிச்சுமை தன்மேல் விழுகின்றது என்பதை வாங்குவோன் விலைச்சீட்டில் காணின், வாக்குச்சீட்டில் விடை எழுதுவான் என்னும் அச்சத்தால். ஊருக்கு ஓராயிரம் கடைக்காரர் இருந்திருப்பின், அவருள் ஒருவரேனும் வரி இவ்வளவு என்று பலகையில் எழுதித் தொங்கவிட்டிருப்பார். ஓராயிரம் பேரையும் எந்த மாளிகை தொலைபேசியில் அழைத்து மிரட்ட இயலும்? கடை ஒன்றாகச் சுருங்கியதால், அழைப்பும் ஒன்றே போதுமானதாயிற்று. விலை மலிவுக்காக மக்கள் இழந்தது இதுவே.

இதனைத் தொலைநாட்டுக் கதையென்று தமிழர் கேட்டுவிட்டுப் போதற்கில்லை. திருப்பூர்ப் பின்னலாடைகள் அமெரிக்கப் பெருங்கடைகளின் அடுக்குகளை நிரப்புபவை. 2025 ஆகத்து 27-இல் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 விழுக்காடு ஆனபோது, அங்கு வாங்குவோர் தேவைக் கேட்புகளை நிறுத்தி வைத்தனர். விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்கினர். வரியின் சுமை அமெரிக்க ஏழைக்கு ஒரு புறமும், திருப்பூர்த் தையற்பொறியின் முன் அமர்ந்த தமிழ்ப் பெண்ணுக்கு மறுபுறமுமாகப் பகிரப்பட்டது. அன்றியும், 2018-இல் வால்மார்ட்டு 1,600 கோடி டாலர் கொடுத்து பிளிப்கார்ட்டு நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியது. அமேசானும் தமிழ்நாட்டுத் தெருக்களில் நாள்தோறும் பொருள் கொணர்கின்றது. அங்கு நிகழ்ந்தது இங்கு நிகழாது என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

ஆகலின், தமிழ்ப் பெருமக்களே! மலிவாக வாங்குவது குற்றமாகாது. ஏழையின் பை சிறிது. ஆயினும், விலைச்சீட்டைப் பார்க்கும்போது மூன்று வினாக்களைக் கேட்டுப் பழகுங்கள். இவ்விலையில் உழைத்தவன் பங்கு எவ்வளவு? அரசின் பங்கு எவ்வளவு? நாளை இக்கடை ஒன்றே எஞ்சுமாயின், விலையைச் சொல்லப் போகின்றவர் யார்? தெருமுனைக் கடைக்காரரிடம் வாங்கும் ஒருபடி அரிசியில் ஓர் உரூபா மிகுமாயின், அவ்வுருபா வீண்போவதில்லை. ஊரில் அஞ்சாது பேசும் ஒரு வாயை அது காக்கும். விலைச்சீட்டில் உண்மை எழுதப்படாத நாட்டில் வாக்குச்சீட்டில் உரிமை நெடுநாள் நிலைக்காது. இதனை அமெரிக்க மக்கள் தங்கள் பொருளைச் செலவிட்டுக் கற்று வருகின்றனர். தமிழர் அப்பாடத்தைச் செலவின்றிக் கற்பாராக!