உடம்புக்கும் ஒரு கணக்கு நோட்டு

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சந்தா எவ்வளவு, உள்கடன் பாக்கி எவ்வளவுன்னு கேட்டா, நோட்டைப் பார்க்காமலே சொல்லிடுவீங்க. உங்க எடை எவ்வளவுன்னு கேட்டா?

போன மாசம் ஒரு குழுவில் எடை மெஷினை வச்சேன். ஒரு அக்கா ஏறவே மாட்டேன்னுட்டாங்க. "குண்டு"ன்னு எல்லாரும் கேலி பண்றாங்களாம். பக்கத்துல ஒல்லியா இருந்த அக்காவைக் காட்டி, "அவளுக்கென்ன, கொடுத்து வச்சவ"ன்னாங்க. முதல்ல நான் ஏறிக் காட்டினேன். அப்புறம் ரெண்டு பேரும் ஏறினாங்க. ரெண்டு பேருக்கும் உயரம் 150 செ.மீ. ஒருத்தர் 62 கிலோ, இன்னொருத்தர் 38 கிலோ.

எடையை மட்டும் பார்த்தால் போதாது, உயரத்தையும் சேர்த்துப் பார்க்கணும். அதுதான் உடல் நிறை குறியீட்டு எண். ஆஸ்பத்திரியில் பி.எம்.ஐ. என்பார்கள். உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். 1.5 × 1.5 = 2.25. எடையை இந்த எண்ணால் வகுங்கள். 62 கிலோவுக்கு 27.6 வரும். 38 கிலோவுக்கு 16.9 வரும்.

இந்தியர்களுக்கான அளவு இது:

18.5-க்குக் கீழே - எடை குறைவு
18.5 முதல் 22.9 வரை - சரியான எடை
23 முதல் 24.9 வரை - அதிக எடை
25-ம் அதற்கு மேலும் - உடல் பருமன்

உலக அளவில் 25, 30 என்றுதான் கணக்கு. நமக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை, பிரஷர் வந்துவிடுவதால் இங்கே அளவைக் குறைத்திருக்கிறார்கள். 150 செ.மீ. உயரம் உள்ளவர் 42 முதல் 51 கிலோ வரை இருக்கலாம்.

ரெண்டு பேரையும் துணை சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். குண்டா இருந்த அக்காவுக்கு பிரஷர். 'கொடுத்து வச்ச' அக்காவுக்கு ரத்தசோகை. விசாரிச்சா, "எல்லாரும் சாப்பிட்டு, சட்டியில மிச்சம் இருந்தா எனக்கு"ன்னாங்க. கேலிக்கு ஆளானவரும் நோயாளி, பாராட்டப்பட்டவரும் நோயாளி!

2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 40 பேர் 25 அல்லது அதற்கு மேல். 12 பேருக்கு மேல் எடை குறைவு. ஆக இது யாரோ ஒருத்தர் வீட்டு விஷயம் இல்லை.

இந்த எண் ஒரு எச்சரிக்கை மட்டும்தான். கர்ப்பிணிகளுக்கும் 18 வயது ஆகாதவர்களுக்கும் இது பொருந்தாது. இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

எடை கூடினவங்க பட்டினி கிடக்க வேண்டாம். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, கீரை, காய், பயறைக் கூட்டுங்கள். டீக்குச் சர்க்கரையைக் குறையுங்கள். தினமும் அரை மணி நேரம் வேகமா நடங்க. எடை குறைஞ்சவங்க முட்டை, கடலை, பருப்பு சேர்த்துக்கணும். முக்கியமா, எல்லாரோடவும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடணும். காரணமில்லாமல் எடை குறைந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

என் எண் 26. வெட்கப்படாமல் சொல்லிட்டேன், நடக்க ஆரம்பிச்சிருக்கேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழுக் கூட்டத்தில் எடை பார்ப்பது என்று தீர்மானம் போடுங்கள். அவரவர் எண்ணை அவரவர் நோட்டில் எழுதட்டும். கேலி மட்டும் வேண்டாம்.

கடனைக் கட்டவும் பிள்ளைகளைக் கரைசேர்க்கவும் இந்த உடம்புதானே வேணும்?