காய்ச்சலோடு உடல் விறைத்தால்

லெம்பா பெர்த்தாம் குளிரிலும் ஒருவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது. காய்ச்சல் கொதிக்கிறது, கைகால் கட்டைபோல் விறைக்கிறது, பேச்சு குழம்புகிறது. வழக்கமான காய்ச்சல்தான் என்று பனடோல் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவோம். அவர் மனநோய்க்கு ஹலோபெரிடால் போன்ற மாத்திரையோ ஊசியோ எடுப்பவரா? அப்படியானால் காத்திருக்காதீர்கள். 1960-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் டிலே குழுவினர் விவரித்த, அரிதான, ஆனால் உயிரையே பறிக்கக்கூடிய மருந்து விளைவாக அது இருக்கலாம். மருந்து தொடங்கிய, அல்லது அளவைக் கூட்டிய முதல் இரண்டு வாரங்களில்தான் பெரும்பாலும் வரும். 999-ஐ அழையுங்கள், இல்லையேல் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மருத்துவர் பார்க்கும்வரை அடுத்த வேளை மருந்து வேண்டாம். மற்றபடி, நன்றாக இருப்பவர் தானாக மருந்தை நிறுத்துவதும் ஆபத்துதான்.

மாத்திரை அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்து, எவ்வளவு, எந்தத் தேதியில் தொடங்கியது, காய்ச்சல் எப்போது வந்தது எல்லாம் நோயாளியின் கிளினிக் பதிவில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மருத்துவர் அதே ஊசியைப் போட்டுவிடலாம். 1990 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் மலேசியாவும் உறுப்பு நாடு. அதனால் இப்படிப்பட்ட மருந்து விளைவைப் பற்றி நோயாளியின் குடும்பமும் நாட்டின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏ-வுக்குப் புகார் அனுப்பலாம். புகார்ப் படிவத்தை நிரப்ப மருந்தாளரிடம் உதவி கேளுங்கள்.