இரத்தப் புற்றுநோயும் காய்ச்சலும்



ரொட்டி மாவை உப்பவைக்கும் ஈஸ்ட்டை அறிவீர்கள். கேண்டிடா என்னும் வேறொரு வகை ஈஸ்ட் நம் வாயிலும் குடலிலும் பெரும்பாலும் தீங்கின்றி வாழ்கிறது. லுக்கேமியா போன்ற இரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறும்போது வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறையலாம். அப்போது அந்த ஈஸ்ட் குடலிலிருந்தோ, மருந்து ஏற்றும் குழாய் வழியாகவோ இரத்தத்தில் கலக்கக்கூடும். இது அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்து. தொடக்கத்தில் காய்ச்சல் மட்டுமே தெரியலாம்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை எட்டினால், பனடோல் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். மாத்திரை காய்ச்சலைத் தணிக்கும், கிருமியை அழிக்காது. நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கீமோதெரபி பெறுவதை அங்கு முதலில் சொல்லுங்கள்.

ஈஸ்ட் கலந்த புரோபயாட்டிக் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளாதீர்கள். வீட்டில் வெப்பமானி ஒன்று வைத்திருங்கள்.