கடுகளவு குமிழி

கேஸ் அடுப்பு பழுது பார்ப்பது என் தொழில். 25 வருஷமாக இதுதான் எனக்குச் சோறு போடுகிறது. சர்வீஸ் முடித்து அடுப்பைப் பற்றவைத்ததும் வீட்டுக்காரர்கள் முகம் மலர்ந்துவிடும். "நல்லா நீலமா எரியுதே!" என்பார்கள். நீலத் தீ என்றால் ஜெட்டில் அடைப்பில்லை, காற்று சரியாகக் கலக்கிறது என்று அர்த்தம். கசிவு இல்லை என்று அர்த்தமில்லை.

ஒரு வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டார். "நேத்துதான் வேற ஒருத்தர் சர்வீஸ் பண்ணிட்டுப் போனார் தம்பி. அப்பப்போ லேசா வாசம் வருது. தீக்குச்சி கிழிச்சுப் பார்க்கலாமான்னு நினைச்சேன்" என்றார். எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. எரிந்துகொண்டிருந்த பூஜை விளக்கைக்கூட முதலில் அணைக்கச் சொன்னேன். கதவு, ஜன்னலைத் திறந்து வாசம் போனபிறகுதான் வேலையைத் தொட்டேன்.

சோப்புத் தண்ணீர்தான் என் கருவி. ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு ஸ்பூன். அடித்து நுரைக்க விடாதீர்கள். நுரை இருந்தால் கசிவின் குமிழி எது என்று தெரியாது. பர்னர் எல்லாம் மூடியிருக்க வேண்டும், ரெகுலேட்டர் மட்டும் திறந்திருக்க வேண்டும். சின்ன பிரஷ்ஷால் தொட்டு, சிலிண்டர் வால்வு, ரெகுலேட்டர், டியூபின் இரண்டு முனை என்று வரிசையாகத் தடவினேன். ஒன்றுமில்லை. அடுப்பின் திருகைக் கழற்றி, உள்ளே கேஸைத் திறந்து மூடும் பித்தளைக் காக்கில் தடவினேன். அப்போதும் ஒன்றுமில்லை.

இங்கேதான் நேயர்களே, பொறுமை வேண்டும். தடவியதும் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறோம். நான் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். காக்கின் தண்டோரம் கடுகளவு ஒரு குமிழி எட்டிப் பார்த்தது. மெல்ல மெல்ல மிளகளவு ஆனது, உடைந்தது, அதே இடத்தில் இன்னொன்று. கிரீஸ் போடக் கழற்றிய காக்கைச் சரியாக இறுக்காமல் விட்டிருக்கிறார்கள். ரெகுலேட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் காக் வரைக்கும் கேஸ் அழுத்தத்தோடு நிற்கும்; அடுப்பு எரியாதபோதும் நிற்கும். அதனால் சர்வீஸில் எதைக் கழற்றினார்களோ அதைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். சர்வீஸ் செய்தவர் கிளம்பும் முன், உங்கள் கண்ணெதிரே. பார்த்த பிறகு ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

குமிழி வந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நீங்களே ஸ்பேனர் எடுக்க வேண்டாம். வாசம் பலமாக இருந்தால் சோதனையே வேண்டாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோரம் தங்கும். நின்றபடி மோந்தால் முழுசாகத் தெரியாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். லைட், ஃபேன் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்.

நேரம் ஆகிவிட்டது. டியூபை 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், இரவில் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுங்கள். இன்று மாலை எல்லா வீட்டிலும் ஒரு டம்ளர் சோப்புத் தண்ணீர் தயாராகும் என்று நம்புகிறேன். கேஸ் கசிவு அவசர உதவிக்கு 1906. வீட்டைவிட்டு வெளியே வந்து நின்றுதான் அந்த எண்ணை அழையுங்கள்.