சைக்கிளுக்கு இடம் இருக்கிறதா?
(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் நம் குடியிருப்பு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பராமரிப்புக் கட்டண விவாதம் முடிந்த கையோடு என்னைப் பேசச் சொல்லிவிட்டார்கள். கோபத்தை என்மேல் காட்டிவிடாதீர்கள்.

நம் ஊர் சைக்கிளுக்கென்றே அமைந்த ஊர். டெல்டா மண் தட்டையானது. மேம்பாலங்களை விட்டால் மூச்சு வாங்க வைக்கும் ஏற்றமே கிடையாது. ரயிலடியிலிருந்து பெரிய கோவில், கீழவாசல், கரந்தை எல்லாமே ஐந்து கிலோமீட்டருக்குள். மெதுவாக மிதித்தாலும் இருபது நிமிடம்தான்.

ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். ஆள் ஆளை இடித்துக்கொள்ளும் அய்யங்கடைத் தெருவில் பத்து வயதுப் பிள்ளையை சைக்கிளில் அனுப்பலாம். அகலமான மருத்துவக் கல்லூரி சாலையில் அனுப்ப மனசு வராது. அரண்மனையைச் சுற்றியுள்ள வீதிகள் கார் பிறப்பதற்கு முன்பே உண்டானவை. அங்கே யாராலும் வேகமாகப் போக முடியாது. அதுதான் காரணம். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியின் மோதல் விசை, 30-இல் வருவதைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக சாலைப் பாதுகாப்பு மாநாடு, நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் வண்டிகளோடு கலந்து போகும் இடங்களில் 30-ஐத் தாண்டக் கூடாது என்றது. நம் பள்ளிக்கூட வாசல்களில் எத்தனையில் போகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஓட்டுவது பாதி நேரம் நாம்தான்.

நெதர்லாந்தைச் சொன்னால், "அது வெள்ளைக்காரன் ஊர்" என்பார்கள். அதுவும் நம்மைப் போல வாய்க்கால் ஓடும் தட்டை நாடுதான். 1971-இல் அங்கே சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் 400-க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். அதற்குப் பிறகுதான் இன்று நாம் படத்தில் பார்க்கும் சைக்கிள் பாதைகள் பெருகின.

அவ்வளவு தூரம் எதற்கு? பக்கத்தில் புதுக்கோட்டை இருக்கிறது. அந்த மாவட்டத்தில் ஒரு பகுதி 1974 வரை நம் தஞ்சாவூர் மாவட்டம்தான். 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கேலி பேசியவர்கள் இல்லாமல் இல்லை. தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பள்ளியில் விட, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டாம் என்று ஆனதும் கேலி அடங்கிவிட்டது.

இன்று அரசு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி தருகிறது. வண்டி கிடைத்துவிட்டது, வழிதான் கிடைக்கவில்லை. புது ஆற்றங்கரையை எண்ணிப் பாருங்கள். 1934-இல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாய், பெரிய கோவிலை ஒட்டி ஊருக்குள்ளேயே ஓடுகிறது. குறுக்குச் சாலை குறைவு, காற்று உண்டு. குப்பையை அள்ளி, விளக்குப் போட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் விட்டால் வேறென்ன வேண்டும்? ஊருக்கு வெளியே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காயும், மெஷின் சக்கரத்துச் சேறும் கிடக்கும். பிரேக்கைச் சட்டென்று பிடிக்காதீர்கள்.

கரை விஷயத்தை மாநகராட்சியிடமும் நீர்வளத் துறையிடமும்தான் கேட்க வேண்டும். மனு தயாராக இருக்கிறது. ஆனால் நம் கேட்டுக்கு உள்ளே யாரைக் கேட்க வேண்டும்? காலை ஆறரை மணிக்கு வந்து பாருங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காமார், பேப்பர் போடும் தம்பி, இரவு வாட்ச்மேன் எல்லோரும் சைக்கிளில்தான் வருகிறார்கள். அவர்கள் வண்டி வெளியே சாக்கடை ஓரத்தில் வெயிலில் நிற்கிறது. நம் பிள்ளைகளின் சைக்கிள்களோ ஜெனரேட்டருக்குப் பின்னால், ஒன்றின்மேல் ஒன்றாக. அடியில் இருப்பதை எடுப்பதற்குள் பள்ளி மணி அடித்துவிடும். பிறகு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறோம்.

ஆகவே என் தீர்மானம் இதுதான். விருந்தினர் கார் நிறுத்தும் இடங்கள் இரண்டில் ஒன்றை சைக்கிள் ஸ்டாண்டு ஆக்க வேண்டும். பூட்டிக் கட்ட இரும்புக் கம்பி, மேலே தகரக் கூரை, ஒரு காற்றடிக்கும் பம்ப். குடியிருப்பவர், வேலைக்கு வருபவர் என்ற பிரிவினை அதில் கூடாது. விருந்தாளி கார் எங்கே நிற்கும் என்று மூன்றாவது மாடி சார் கேட்கப் போகிறார், தெரியும். ஞாயிற்றுக்கிழமை தவிர அந்த இடம் காலியாகத்தான் கிடக்கிறது, சார். கை தூக்கிவிட்டு காபிக்குப் போகலாம்.