ஆலைத் தொழிலாளியின் மகன்
(தோட்ட விளையாட்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நமக்குக் கிரிக்கட் தெரியும். அமெரிக்காவிலே அதுபோல மட்டையும் பந்தும் வைத்து ஆடுவது பேஸ்போல். இன்று நாம் சொல்ல வந்தது அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரத்துக் குழு ஒன்றின் கதை. பேர் 'பிளாக் பேரன்ஸ்'.

அந்தக் காலத்தில் அந்த ஊருக்கு இரும்பும் நிலக்கரியும்தான் பிழைப்பாக இருந்தன. கறுப்பின மக்களும் ஆலைகளில் உழைத்தாங்க. ஆலைகளுக்கு என்று பேஸ்போல் குழுக்கள் இருந்தன. அப்படி ஆடிப் பழகியவர்கள் பலர் பிளாக் பேரன்ஸில் சேர்ந்தாங்க. 1920இல் இந்தக் குழு, தென் மாநிலக் கறுப்பினக் குழுக்களின் சிறிய சங்கம் ஒன்றில் ஆடத் தொடங்கியது. ஏன் தனிச் சங்கம்? வெள்ளையரின் சங்கங்களில் அவர்களுக்கு இடமில்லை.

1910இல் திறந்த ரிக்வுட் மைதானத்தில், வெள்ளையர் குழு வெளியூர் போகிற நாட்களில்தான் இவங்க ஆடலாம். 1950இல் நகரத்தில் சட்டமே போட்டாங்க. இரு இனத்தாரும் சேர்ந்து பேஸ்போல் மட்டுமல்ல, சீட்டுக்கூட விளையாடக் கூடாது!

1948இல் வில்லி மேஸ் என்ற 17 வயதுப் பையன் குழுவில் சேர்ந்தான். தகப்பனும் இரும்பாலைக் குழுவில் ஆடியவர்தான். பாடசாலை அதிபருக்கு இது பிடிக்கவில்லை, இடைநிறுத்துவேன் என்றார். தகப்பனும் குழுவை நடத்திய பைப்பர் டேவிஸும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தாங்க. பாடசாலை நடக்கும் காலத்தில் பையன் உள்ளூர் ஆட்டம் மட்டும் ஆடுவான், வெளியூர் போகமாட்டான். அந்த வருடமே குழு தன் சங்கத்தின் வெற்றிக் கிண்ணத்துக்குரிய முதலிடத்தைப் பிடித்தது. 1950இல் பையன் படிப்பை முடித்தான். அதன் பிறகே நியூயோர்க் ஜயன்ட்ஸ் குழு அவனை எடுத்தது. நம்ம சிக்சர் மாதிரியான 'ஹோம் ரன்' அவர் அடித்தது 660.

2020இல்தான் 1920 முதல் 1948 வரையான ஏழு கறுப்பினச் சங்கங்களைப் பெரிய சங்கங்கள் என்று ஏற்றுக்கொண்டாங்க. 2024 யூன் 18இல் மேஸ் காலமானார். இரண்டு நாளில் அதே ரிக்வுட்டில் பெரிய சங்கத்தின் ஆட்டம் நடந்தது. எல்லா இனத்தாரும் சேர்ந்து ஆடினாங்க.

பெற்றோரே, அந்தத் தகப்பனும் நம்மைப்போல உழைப்பாளிதான். மகன் கையில் காசு வரத் தொடங்கிய நேரத்திலும் அவர் புத்தகத்தை மூட விடவில்லை. பிள்ளையைப் பாதியில் நிறுத்திக் கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்பும் முன்னே, இதை ஒருதரம் யோசியுங்க. பிள்ளைகள் விளையாடட்டும், படிப்பையும் முடிக்கட்டும்.